ராஜா உத்தரவில் கிடைத்த சீட்
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை



ஜூலை மாசம் வந்துட்டா நம்ம எல்லாருக்கும் ஊரிலிருந்து ஒரு போன் வரும். பக்கத்து வீட்டுத் தம்பியோ, நாம படிச்ச ஸ்கூல்ல இப்போ பிளஸ் டூ முடிச்ச தங்கச்சியோ பேசுவாங்க. இந்த கட்-ஆஃபுக்கு எந்த காலேஜ் கிடைக்கும், ஈசிஇ எடுக்கலாமா ஐடி எடுக்கலாமா, சாய்ஸ் ஃபில்லிங்கில் எதை முதல்ல போடணும், ஹாஸ்டல் எப்படி இருக்கும் என்று கேள்வி மேல் கேள்வி வரும். நாமும் பெரிய அனுபவசாலி மாதிரி பதில் சொல்வோம்.

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கு. மார்க் இருந்தால் ரேங்க் வரும், ரேங்க் இருந்தால் சீட் வரும் என்ற நம்பிக்கை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. சமமான மார்க் வந்தால் அதுக்கும் விதி இருக்கு. விண்ணப்பித்தவர் பையனா பொண்ணா, அம்மா யார், அப்பா யார், வகுப்பில் இவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்களா என்று எந்த முதல்வரும் யோசித்துக் கொண்டிருக்க முடியாது.

சரி, இப்போ ஒரு நிலைமையைக் கற்பனை பண்ணிப் பாருங்க. நீங்க பாஸ் பண்ணிட்டீங்க. உங்க ஊரிலேயே கல்லூரி இருக்கு. இடமும் இருக்கு. ஆனா நீங்க உள்ளே வந்தால் மற்ற மாணவர்கள் வெளியே போய்விடுவார்கள் என்று சொல்லி விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். 1904-ல் புதுக்கோட்டையில் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இதுதான் நடந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரிந்ததுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பதிவு செய்யும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெயர் தெரிந்த அளவுக்கு, அவர் கல்லூரிக்குள் எப்படி நுழைந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

முதல்வர் மகளுக்கே இந்த நிலை

முத்துலட்சுமி பிறந்தது 1886 ஜூலை 30, புதுக்கோட்டையில். அப்போது அது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த சமூகத்தில் பிறந்தவர். இந்தத் திருமணத்துக்காக அப்பாவை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். ஆக, வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை, வெளியே பேச்சுக்கும் குறைவில்லை. படித்த அப்பாவின் மகள் என்ற பெருமையும், அம்மாவின் பிறப்பைச் சொல்லிக் குத்திக்காட்டும் ஊர்ப்பேச்சும் சேர்ந்தே அவரை வளர்த்தன.

அந்தக் காலத்தில் பெண் குழந்தை வயதுக்கு வந்தால் பள்ளிக்கூடத்தோடு உறவு முடிந்தது. முத்துலட்சுமிக்கும் அப்படித்தான் பள்ளி நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. கல்யாணப் பேச்சு எழுந்தபோதெல்லாம் அதைத் தள்ளிப்போட்டு, படிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1902-ல் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். இன்றைய கணக்கில் சொன்னால், பள்ளிக்கூடம் போகாமலேயே பிரைவேட் கேண்டிடேட்டாக எழுதிய பாஸ்.

அடுத்து கல்லூரி. சமஸ்தானத்தில் இருந்தது ஒரே கல்லூரிதான், மகாராஜா கல்லூரி. இன்று மாமன்னர் கல்லூரி என்ற பெயரில் அரசுக் கல்லூரியாக நடக்கிறதே, அதேதான். அன்று அங்கே ஆண்கள் மட்டுமே படித்தார்கள். பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்களோ இல்லையோ, அதுவரை எந்தப் பெண்ணும் விண்ணப்பித்ததில்லை. யாரும் கேட்காத வரைக்கும் மறுக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

முத்துலட்சுமி விண்ணப்பித்ததும் எதிர்ப்பு கிளம்பியது. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று பெற்றோர் சிலர் மிரட்டினார்கள். கல்லூரி நிர்வாகமும் தயங்கியது. அவருடைய அம்மாவின் பிறப்பும் காரணமாகப் பேசப்பட்டது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், தேறியிருக்கிறாரா இல்லையா என்று யாரும் சந்தேகப்படவில்லை. தகுதியைப் பற்றிக் கேள்வியே எழவில்லை. அவர் யார் என்பதுதான் பிரச்சினை.

விஷயம் மன்னர் வரைக்கும் போனது. மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் மற்றவர்களின் ஆட்சேபங்களைத் தள்ளிவைத்து, அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார். உதவித்தொகையும் கொடுத்தார். 1904-ல் மகாராஜா கல்லூரியின் முதல் மாணவி உள்ளே வந்தார்.

சீட் கிடைத்துவிட்டது. ஆனால் உட்கார்ந்த இடம்? மூடிய வண்டியில் கல்லூரிக்கு வந்து, மாணவர்கள் பார்வையில் படாதபடி திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்க வேண்டியிருந்தது. ஆசிரியரின் குரல் கேட்கும். சந்தேகம் வந்தால் பக்கத்து பெஞ்சில் கேட்க ஆள் கிடையாது. நோட்ஸ் வாங்க முடியாது. மதியம் கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு தோழி இல்லை. கல்லூரி வாழ்க்கை என்று நாம் எதையெல்லாம் சொல்கிறோமோ அதில் பாடத்தைத் தவிர எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த நிலைமையில் படித்துத் தேறி வெளியே வந்தார்.

இந்தியாவின் முதல் பெண் டாக்டரா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் ஒரு தப்பை இங்கே திருத்திவிடலாம். முத்துலட்சுமி ரெட்டியை இந்தியாவின் முதல் பெண் டாக்டர் என்று எழுதுவார்கள். அது சரியில்லை. ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும், கடம்பினி கங்குலி கல்கத்தாவிலும் மருத்துவப் படிப்பை முடித்தது 1886-ல். முத்துலட்சுமி பிறந்த அதே வருஷம்! சென்னை மருத்துவக் கல்லூரியிலும் 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சேர்ந்திருந்தார்கள்.

அதனால் அவர் பெருமை ஒன்றும் குறையவில்லை. சொல்லப்போனால் நம்ம கதைக்கு இதுதான் முக்கியம். 1907-ல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தபோது, அந்தக் கதவை வேறு சில பெண்கள் முப்பது வருஷத்துக்கு முன்பே திறந்து வைத்திருந்தார்கள். புதுக்கோட்டையில் ராஜாவின் உத்தரவு தேவைப்பட்ட அதே ஆளுக்கு, சென்னையில் அது தேவைப்படவில்லை. முன்னால் யாராவது போயிருந்தால் பின்னால் வருபவருக்கு எவ்வளவு சுமை குறைகிறது என்பதை அவர் தன் அனுபவத்திலேயே பார்த்தார்.

சுமை குறைந்ததே தவிர இல்லாமல் போகவில்லை. மருத்துவக் கல்லூரியிலும் ஆண்கள்தான் பெரும்பான்மை. பெண்களுக்கு அறுவை சிகிச்சையெல்லாம் வருமா என்ற இளக்காரம் அப்போது சாதாரணம். அவர் பரிசுகளும் பதக்கங்களும் வாங்கி 1912-ல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். அதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவரும் ஒத்துக்கொண்டார். கடைசி வரைக்கும் அந்த வாக்கைக் காப்பாற்றினார் என்பது, பின்னால் முத்துலட்சுமி செய்த வேலைகளின் அளவைப் பார்த்தாலே புரியும்.

தங்கை நல்லமுத்துவும் படித்தார். பிறகு சென்னை ராணி மேரி கல்லூரியின் முதல்வராகவே ஆனார். அக்கா ஒரு கல்லூரிக்குள் நுழைய மன்னரின் உத்தரவு வேண்டியிருந்தது. தங்கை ஒரு கல்லூரியையே நடத்தினார். ஒரே வீடு, ஒரே தலைமுறை.

சட்டசபையில் ஒரு டாக்டர்

1925-ல் அரசு உதவித்தொகையோடு லண்டன் போய் மேற்படிப்பு படித்தார். திரும்பி வந்ததும் அரசியல் அவரைத் தேடி வந்தது. இந்திய மாதர் சங்கம் அவர் பெயரை முன்வைக்க, 1927-ல் சென்னை சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நன்றாகப் போய்க்கொண்டிருந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு சட்டசபைக்கு வரலாமா என்று அவருக்கே தயக்கம் இருந்தது. ஒரு டாக்டரிடம் வரும் நோயாளியை அவர் குணப்படுத்தலாம். ஆனால் குழந்தைத் திருமணத்தால் உடம்பு கெட்டு வரும் சிறுமிகளின் எண்ணிக்கையை மருந்தால் குறைக்க முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும். வந்துவிட்டார்.

சபையில் அவர் எடுத்த விஷயங்களைப் பட்டியல் போட்டால் படிப்பு சம்பந்தப்பட்டவை நிறைய இருக்கும். ஏழைப் பெண்களுக்கு இலவசக் கல்வி, பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை, முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி, ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவிகளுக்கு உதவித்தொகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கப் பாடுபட்டார். கவனிச்சுப் பாருங்க, பெண்களை ஊக்குவிக்க வேண்டும் என்ற பொதுவான பேச்சு இதில் இல்லை. கட்டணம், விடுதி, உதவித்தொகை. கல்லூரியில் சேர முடியாதவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்களோ சரியாக அந்த இடத்தில் கை வைத்தார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தவருக்குத்தான் அது தெரியும்.

பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் கொண்டுவந்த முயற்சிதான் வரலாற்றில் அதிகம் பேசப்படுவது. சபைக்குள்ளும் வெளியேயும் கடுமையாக எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் எங்கள் கலையும் வாழ்வும் போய்விடும் என்று மனுக் கொடுத்தார்கள். இன்றும் ஆய்வாளர்கள் இதை இரண்டு பக்கமும் நின்று விவாதிக்கிறார்கள். 1930-ல் உப்பு சத்தியாகிரகத்தை ஒட்டி காந்தி கைதானபோது முத்துலட்சுமி பதவியை விட்டு விலகினார். முழுத் தடைச் சட்டம் வந்தது 1947-ல்தான்.

சேர்ந்தவர்கள் எங்கே போனார்கள்?

1928-ல் இந்தியக் கல்வி நிலையை ஆராய ஆங்கில அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் பிலிப் ஹார்டாக். அதனால் ஹார்டாக் கமிட்டி என்றே சொல்வார்கள். அதில் இருந்த ஒரே பெண் முத்துலட்சுமி ரெட்டி.

1929-ல் வந்த அந்த அறிக்கையில் நம்ம காலத்துக்கும் பொருந்தும் ஒரு விஷயம் இருக்கிறது. அதுவரை கல்வி வளர்கிறது என்பதற்கு ஆதாரமாகப் பள்ளியில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஹார்டாக் குழு வேறொரு கேள்வியைக் கேட்டது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள்? முதல் வகுப்பில் சேர்ந்த நூறு பேரில் நான்காம் வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பெண் குழந்தைகளின் நிலை அதைவிட மோசம். பாதியிலேயே நின்றுபோவதை விரயம் என்றும், ஒரே வகுப்பில் தங்கிவிடுவதைத் தேக்கம் என்றும் பிரித்துக் காட்டினார்கள்.

நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க, இப்படிச் சொன்னால் சட்டென்று புரியும். ஒரு குழாயில் இன்புட் எவ்வளவு என்று மட்டும் அளந்துகொண்டிருந்தால் நடுவில் இருக்கும் ஓட்டை தெரியாது. அவுட்புட்டையும் அளக்கணும். அட்மிஷன் எண்ணிக்கை ஏறுது என்று சந்தோஷப்படும் எல்லாக் காலத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

ராத்திரி தட்டப்பட்ட கதவு

1930-ல் நடந்ததுதான் இந்தக் கதையின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பித்துப் படிக்க விரும்பிய சில இளம்பெண்கள் நாமக்கல் பக்கமிருந்து சென்னை வந்தார்கள். தங்கிப் படிக்க இடம் தேடினார்கள். சென்னையில் பெண்கள் விடுதிகள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு விடுதி அவர்களுடைய சாதியைக் காரணம் காட்டியது, இன்னொன்று அவர்களுடைய பிறப்பைக் காரணம் காட்டியது. எல்லா இடத்திலும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அந்தப் பெண்கள் ஒரு ராத்திரி முத்துலட்சுமி வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

அவர் சட்டத்துக்காகப் பேசியவர். இந்த வாழ்க்கையிலிருந்து வெளியே வாருங்கள், படியுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னவர். அதைக் கேட்டு வெளியே வந்தவர்கள் இதோ வாசலில் நிற்கிறார்கள். இவர்களுக்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. பள்ளியில் சேரக்கூட வாய்ப்பிருக்கிறது. தூங்க ஒரு இடம்தான் இல்லை. அதனாலேயே படிப்பும் இல்லை.

அவர்களை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார். தன் வீட்டிலேயே தங்க வைத்துப் படிக்க வைத்தார். அதுதான் அவ்வை இல்லத்தின் தொடக்கம். சில பெண்களோடு ஆரம்பித்தது, பின்பு அடையாறுக்கு மாறியது. ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு விடுதி, பள்ளிக்கூடம், ஆசிரியர் பயிற்சி என்று வளர்ந்தது. சாதி கேட்காமல், அப்பா பெயர் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். இன்றும் அடையாறு பக்கம் போனால் அவ்வை இல்லம் இருக்கிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது.

1904-ல் புதுக்கோட்டையில் நடந்ததையும் 1930-ல் சென்னையில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. முதலாவதில் வெளியே நின்றவர் முத்துலட்சுமி, திறந்தவர் மன்னர். மன்னர் திறந்தது ஒருவருக்காக, ஒரு தடவை. அந்த உத்தரவில் இன்னொரு பெண் உள்ளே போக முடியாது, அவளுக்குத் தனியாக இன்னொரு உத்தரவு வேண்டும். அப்பா கல்லூரியோடு சம்பந்தப்பட்டவராக இருந்ததால்தான் விஷயம் அரண்மனை வரைக்கும் போனது என்பதையும் மறக்கக் கூடாது. சிபாரிசு செய்ய ஆள் இல்லாத ஒரு பெண்ணின் விண்ணப்பம் வாசலிலேயே நின்றிருக்கும். இரண்டாவதில் முத்துலட்சுமி உள்ளே இருக்கிறார். அவர் திறந்த கதவு மூடவே இல்லை. அடுத்து யார் வந்தாலும் ராஜாவைப் பார்க்க வேண்டியதில்லை. முகவரி தெரிந்தால் போதும்.

நம்ம பக்கத்துக் கதவு

மருத்துவக் கதை இருக்கட்டும், இன்ஜினியரிங் எப்போது திறந்தது என்று கேட்கத் தோணும். 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் பெண்கள் சேர்ந்தது 1940-ல்தான். முத்துலட்சுமி மகாராஜா கல்லூரிக்குள் போய் 36 வருஷத்துக்கு அப்புறம்!

அங்கேயும் அதே மாதிரி கதைதான். ஏ. லலிதா, பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் குழந்தை. அப்பா கிண்டியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் கேட்க, முதல்வர் கே.சி. சாக்கோ அனுமதி பெற்றுத் தந்தார். லலிதா எலக்ட்ரிக்கல் எடுத்தார். கூடவே லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் படிக்க வந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஆணைக் குறிக்கும் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஃபார்மை அச்சடித்தவர்களுக்கு ஒரு பெண் வருவாள் என்ற நினைப்பே வந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கேயும் உள்ளே ஒரு அப்பா இருந்தார். முதல் தடவை எப்போதுமே இப்படித்தான் திறக்கும் போல. உள்ளே யாரோ ஒருத்தர் இருந்து பேச வேண்டியிருக்கிறது. அடுத்த தடவையும் அப்படியே இருந்தால்தான் அது அநியாயம்.

பன்னிரண்டு படுக்கை

அவருடைய கடைசிப் பெரிய வேலையையும் சொல்லாமல் விட முடியாது. 1923-ல் ஒரு தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். தான் டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வலி முப்பது வருஷம் அவருக்குள்ளேயே இருந்தது. அரசாங்கத்திடம் கேட்டார், பணக்காரர்களிடம் கேட்டார். புற்றுநோய்க்கு எதுக்குத் தனி மருத்துவமனை, எப்படியும் சாகப்போகிறவர்கள்தானே என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம். விடவில்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷமே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ஆரம்பத்திலிருந்தே அதன் கொள்கை. வாசலில் நிற்பவரைத் திருப்பி அனுப்பாமல் இருப்பது அவர் வாழ்க்கை முழுக்க வந்துகொண்டே இருந்த பழக்கம்.

1956-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22-ம் தேதி, எண்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது காலமானார்.

இன்னிக்கு நிலைமை

நாம அதிர்ஷ்டசாலிகள் என்று தைரியமாகச் சொல்லலாம். தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு போய் 2007-லிருந்து பிளஸ் டூ மார்க்கிலேயே இன்ஜினியரிங் சேர்க்கை நடக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை இருக்கு. 2018-லிருந்து கவுன்சலிங் ஆன்லைன். அதுக்கு முன்னால் ராமநாதபுரத்திலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ அப்பாவும் பிள்ளையும் ராத்திரி பஸ் பிடித்து, கிண்டியில் வந்து மூட்டையோடு காத்திருந்த காலம் போச்சு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் இன்ஜினியரிங்குக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. இவையெல்லாம் ராஜா உத்தரவு மாதிரி ஒருத்தருக்கானவை இல்லை. விதிகள். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்.

ஆனால் விதி இருக்கிறது என்பது தெரிந்தால்தானே கேட்க முடியும்? நல்ல கட்-ஆஃப் வைத்துக்கொண்டு, சாய்ஸ் ஃபில்லிங்கில் ரெண்டே ரெண்டு கல்லூரியைப் போட்டுவிட்டு வெறும் கையோடு நின்றவர்களை நமக்குத் தெரியும். முதல் பட்டதாரிச் சான்றிதழை நேரத்துக்கு வாங்காமல் சலுகையை விட்டவர்களைத் தெரியும். சீட் கிடைத்தும் ஹாஸ்டல் ஃபீஸைப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கத்திலேயே ஏதாவது படி என்று நிறுத்தப்பட்ட பெண்கள் நம் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பிலேயே இருப்பார்கள். சேர்ந்த பிறகு முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் லெக்சர் புரியாமல், அரியர் வைத்து, மெல்லக் காணாமல் போனவர்களும் உண்டு. மார்க் இருந்தும் நடுவில் எங்கோ ஒரு ஓட்டையில் விழுந்தவர்கள். ஹார்டாக் கமிட்டி 1929-ல் கேட்ட கேள்வி இன்னும் பழசாகவில்லை.

இந்த ஓட்டைகளை எல்லாம் அடைக்க நாம ராஜாவாகவோ சட்டசபை உறுப்பினராகவோ இருக்க வேண்டியதில்லை. நாம ஏற்கெனவே உள்ளே இருக்கோம், அது போதும். வர்ற ஜூலையில் போன் வந்தால், ரெண்டு நிமிஷத்தில் காலேஜ் பேரைச் சொல்லிட்டு வைக்காம, ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்தத் தம்பி தங்கச்சியோட சாய்ஸ் லிஸ்ட்டை முழுசாப் பார்த்துக் கொடுங்க. என்னென்ன சான்றிதழ் வேணும், எப்போ தாசில்தார் ஆபீஸ் போகணும்னு சொல்லுங்க. ஹாஸ்டலுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும்னு அவங்க அப்பாகிட்ட நீங்களே பேசுங்க. வந்து சேர்ந்த பிறகு முதல் இன்டர்னலுக்கு முன்னாடி ஒரு தடவை போய்ப் பாருங்க. போன் பண்ணத் தெரியாதவங்களும் உங்க பழைய ஸ்கூல்ல இருப்பாங்க. ஒரு நாள் நேரிலேயே போய் வாங்க.

புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் மாமன்னர் கல்லூரியையும் ஒருதரம் எட்டிப் பாருங்க. அந்த வாசலில் ஒரு பெண் ராஜாவின் உத்தரவுக்காகக் காத்திருந்தார். இப்போது அதே வாசலில் காலை எட்டரை மணிக்கு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, பேசிச் சிரித்துக்கொண்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல் பெண்கள் உள்ளே போகிறார்கள்.